இடது ஓரத்துப் புள்ளி

உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க. ஏ, அந்தக் கதவுல சாஞ்சு நிக்கிற ரெண்டு பேரும் உள்ள வாங்க, கதவு என்ன உங்க மாமனார் வீட்டுச் சீதனமா, இப்படித் தாங்கிப் பிடிக்கீக. பேச்ச நிறுத்து. போனக் கவுத்து வை. நீ, ஆமா நீதான், நான் பேச ஆரம்பிச்சதும் இருமுவ, இப்பமே இருமி முடி. கத பெருசா ஒண்ணும் கெடையாது, முன்னாலயே சொல்லிருதேன், பொறவு வந்து என்கிட்ட சண்டைக்கு நிக்கப்பிடாது. ஒரு பொம்பளப்பிள்ள வெங்காயம் உரிக்கா. அம்புட்டுதான். ஆரம்பிக்கும்போது ஒரு சாக்கு வெங்காயம், முடியும்போது ஒரு அண்டா வெங்காயம். நடுவுல யாரும் சாகல, யாரும் யாரையும் இழுத்துக்கிட்டு ஓடல. அவ மண்டைக்குள்ளதான் எல்லாம் ஓடுச்சு. அதச் சொல்லுதேன். சிரிக்க வேண்டிய எடத்துல சிரிங்க, ஆனா சிரிச்சிட்டு எதுக்குச் சிரிச்சோம்னு கொஞ்சம் யோசிங்க.

சந்தனமாரி, சங்கரன்கோயில் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடையில டைப் அடிக்கிறவ. முப்பது ஆகப் போவுது, கல்யாணம் ஆகல, அதனால தெருவுல போறவன் வாரவன் எல்லாருக்கும் அவமேல ஒரு பாத்தியத. நாளைக்கு அவ அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. இன்னிக்கு மத்தியானம் சோறு தின்ன கையோட நடுரூம்ல பாய விரிச்சு, ஒரு சாக்கு சின்ன வெங்காயத்தக் கவுத்து, பொம்பளையெல்லாம் சுத்தி உக்காந்தாச்சு. வாசப்பக்கம் பெரியத்தை, வாயத் தொறந்தா லாரியில இருந்து ஜல்லி கொட்டுன மாதிரி ஒரு சத்தம். அடுத்து அம்மா. அடுத்து பக்கத்து வீட்டு அக்காமாரு ரெண்டு பேரு. கடைசியில, ஃப்ரிட்ஜுல முதுகச் சாச்சுக்கிட்டு மைனி, அண்ணன் பொண்டாட்டி, பேரு பேச்சியம்மா. பேரு வச்சவங்க எந்த நம்பிக்கையில வச்சாங்களோ, இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுல இருந்து அவ பேசுனத எல்லாம் ஒரு கைப்பிடிக்குள்ள அள்ளிரலாம். ம். சரி. வச்சாச்சு. புள்ள முழிச்சிட்டா. தீந்து போச்சு. அந்த மைனி தலைக்கு நேர் மேல, ஃப்ரிட்ஜு மேல, சந்தனத்தோட போனு சார்ஜுல கெடக்கு. சந்தனத்துக்குக் கை வெங்காயத்துல, கண்ணு அங்க. போயி எடுக்கணும்னா மைனி காலத் தாண்டணும். தாண்டிரலாம். ஆனா சாக்கு தீராம ஒருத்தி எந்திரிச்சா பெரியத்தை விடுவாளா, என்னட்டி அதுக்குள்ள உனக்கு முதுகு வலிக்கோன்னு ஊரக் கூட்டிருவா. உரிச்சு முடிக்கணும், போன எடுக்கணும், குளிமுறிக்குள்ள போயிக் கொண்டியப் போடணும், அழிக்கணும். போனுக்குள்ள ஒரு எடத்துல அவ பேர்ல இருக்குற கணக்க, மொத்தமா. கணக்க அழின்னு ஒரு செவப்புப் பட்டன் இருக்கு. அமுக்குனா நெசமாத்தானான்னு ஒரு தடவ கேக்கும். ஆமான்னா முடிஞ்சுது. அந்தப் பேர்ல அங்க திரும்ப யாரும் வர முடியாது, அவளே கெஞ்சுனாலும் வர முடியாது. எத்தன வெங்காயம் இருக்கும் இன்னும். மேல் தோலு வந்திருது, அந்த உள் தோலு இருக்கே, ஈரமா, நகத்துல ஒட்டிக்கிட்டு, அதுதான் சனியன் வரமாட்டேங்கு.

ஏட்டி சந்தனம், சும்மா உரிச்சா எப்படி, பால்க்காரன் மாதிரி பேசிக் காட்டு, அப்படிங்கா பெரியத்தை. பேசுனா. தொண்டைய இறுக்கி, மூக்கு வழியா, அக்கோவ் தண்ணி நான் ஊத்தலக்கோவ், மாடு குளத்துல எறங்கி அதுவா குடிச்சிட்டு வந்திருச்சுக்கோவ். அம்மா பாயில குப்புற விழுந்து சிரிக்கா. பக்கத்து வீட்டு அக்காமாரு, ஆத்தாடி போதும்ட்டி, போதும்ட்டிங்காவ. இப்ப கடை ஓனர் மாதிரி. இப்ப பஸ்ஸுல டிக்கெட் கேக்குறவன் மாதிரி. கேக்கக் கேக்கக் குடுத்துக்கிட்டே இருந்தா, கொழாயத் தொறந்து விட்ட மாதிரி. சின்ன வயசுல இருந்தே இப்படித்தான், துட்டிவீட்டுக்குப் போனாக்கூட மறு நாளே அங்க அழுதவங்க மாதிரி அழுது காட்டச் சொல்லுவாக. யாரு குரலும் வரும். நாயி வரும், ஆம்புலன்ஸு வரும், மிக்சி கல்லு மாட்டிக்கிட்டு நின்னு போற சத்தம் வரும். அவ குரலு எப்படி இருக்கும்னு அந்த வீட்டுல யாரும் கேட்டதில்ல, அவளுக்கும் அப்படி ஒண்ணு தனியா இருக்கான்னு சந்தேகந்தான். ஒருத்தி மட்டும் கேட்டா. ரோஸ்லின். அதே கடையில லேமினேசன் மெசின்ல நின்னவ. எல்லாக் குரலையும் கேட்டு வயிறு வலிக்கச் சிரிச்சு முடிச்சிட்டு, கண்ணத் தொடச்சுக்கிட்டு, சரி, இப்ப நீ பேசுன்னா. இவ நிக்கா. வாயத் தொறக்கா, மூடுறா. என்ன பேச? எதாவது பேசு, உனக்குத் தோணுறது. இவளுக்குத் தோணுனத அன்னிக்குப் பேசியிருந்தா அந்தக் கடை ஷட்டரே கீழ எறங்கியிருக்கும். டீ வாங்கிட்டு வாரேன்னு போயிட்டா. அப்படியே டீ வாங்கி வாங்கியே வருசம் போச்சு, ரோஸ்லின் ஓசூருக்குப் போறேன்னா, போயிட்டா, நம்பர மாத்திட்டா. சண்டையில்ல, ஒண்ணுமில்ல. சண்டைன்னு ஒண்ணு இருந்திருந்தாலாவது பிடிச்சுத் தொங்க ஒரு கயிறு இருந்திருக்கும். இன்னிக்கும் அந்த மெசின்ல இருந்து சூட்டுப் பிளாஸ்டிக் வாசன வந்தா சந்தனம் டைப் அடிக்கிறத விட்டுட்டுத் திரும்பிப் பாப்பா. கண்ணத் தொடச்சா. என்னட்டி அழுற? அப்படிங்கா பெரியத்தை. வெங்காயம் அத்தை. நல்ல காரம்லா இந்தத் தடவ? ஆமா அத்தை, நல்ல காரம்.

அழுறதுக்கு இத விட நல்ல எடம் கெடைக்குமா சொல்லுங்க. இல்ல, ஒண்ணு இருந்துச்சு. கொடுக்காப்புளின்னு ஒரு எடம். மரம் இல்ல, போனுக்குள்ள. அத எப்படிச் சொல்ல, எனக்கே இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரம் அரைகொறை, என் பாசையில சொல்லுதேன். ஊரே இருக்குற பெரிய பெரிய எடமெல்லாம் உங்களுக்குத் தெரியும், ஒரே மொதலாளி, ஒரே சந்தை, உள்ள போனாலே கூச்சலு. சந்தனமும் ஒரு காலத்துல அங்க வீடியோ போட்டா, மிமிக்ரி. கீழ வந்து எழுதுனாம் பாருங்க. இது ஆம்பளையா பொம்பளையா. இவள எவன் கட்டுவான். அதுக்கும் கீழ எழுதுனத நான் இங்க சொல்ல மாட்டேன், சின்னப் பிள்ளைக இருக்கு. அழிச்சிட்டு வந்துட்டா. பொறவு ஒரு நாளு கடைக்குப் பிரிண்டு எடுக்க வந்த ஒரு பிள்ள, முகங்கூட ஞாபகமில்ல, ஒரு பக்கத்தத் தொறந்தபடியே விட்டுட்டுப் போயிருச்சு. மூடப் போனவ படிச்சா. அங்க மொதலாளி கெடையாது. ஒரு தெரு மாதிரி, அவங்கவங்க வீட்ட அவங்கவங்க நடத்துறாங்க, இந்த வீட்டுல பேசுனா அடுத்த வீட்டுல கேக்கும், அந்த வீட்டுல சிரிச்சா இங்க கேக்கும். ஒரு வீட்டுக்காரன் வம்புக்கு வந்தா மத்த வீடெல்லாம் அந்தப் பக்கத்துக் கதவச் சாத்திரும், அம்புட்டுதான் பஞ்சாயத்து. அதுல ஒரு வீடு கொடுக்காப்புளி. நடத்துறது நீலவேணி அக்கா, திருநங்கை, விழுப்புரம் பக்கம் தையக்கட வச்சிருக்கா, கடைக்கு மேல இருக்குற ரூம்ல ஒரு பழைய கம்ப்யூட்டரு, அதுக்குள்ளதான் இந்த வீடே ஓடுது. ஆம்பளையப் பிடிச்ச ஆம்பள, பொம்பளையப் பிடிச்ச பொம்பள, ரெண்டும் பிடிச்சவங்க, ஆளவிடு எனக்கு எதுவும் வேண்டாங்கிறவங்க, எல்லாத்துக்கும் அங்க பாய் உண்டு. உள்ள வாரதுக்கு ஒரே ஒரு கேள்வி. ஏன் வரணும்னு நெனைக்கீங்க? அதுக்கு எழுதுற பதில மெசினு படிக்காது, அக்காவே உக்காந்து படிப்பா. இவளுக்குத் தன் குரல்ல பதில் சொல்லத் தெரியல. பெரியத்தை குரல்ல எழுதுனா. ஏன், வந்தா என்னங்கேன், உங்க வீட்டுத் தண்ணிய மோந்து குடிச்சிருவேனோ? அக்கா பதில் போட்டா. குடிச்சுக்கோ, செம்பு வாசல்லதான் இருக்கு. உள்ள வா. சந்தனம் அன்னிக்குக் கடையில உக்காந்து ஒரு பக்கத்துல இருபது எழுத்துப் பிழ விட்டா. ஓனர் மூக்குக்கண்ணாடியக் கழத்திப் பாத்தாரு.

மைனி கை நிக்கவே மாட்டேங்கு. கத்தியால காம்ப சீவுறா, தோல உரிக்கா, அண்டாவுல போடுறா. டொக்கு. டொக்கு. நிமிந்து பாக்கல. நிமிந்து பாத்தா ஒண்ணு தெரியும், பாக்காததுனாலயும் ஒண்ணு தெரியுது. எல்லாம் அந்த விளக்கத்தால வந்த வினை. கொடுக்காப்புளியில ஒரு பழக்கம் உண்டு. படம் போட்டா அதுல என்ன இருக்குன்னு எழுத்துல எழுதணும், கண்ணு தெரியாதவங்களுக்காக. சந்தனத்துக்குத் தெரியாது, மொத நாளு ஒரு டீ கிளாஸு படத்தப் போட்டா. நாகர்கோயில்ல இருந்து எட்வின் அண்ணன் கேட்டாரு, பேங்குல வேல பாக்குறவரு, பொறவியிலயே பார்வ கெடையாது. தங்கச்சி, என் போனு படம்னு மட்டும் சொல்லிட்டு வாய மூடிக்கிடுது, என்ன படம்மா அது? இவளுக்கு வெக்கமாப் போச்சு. எழுதுனா. டீ கிளாஸு. பாதி குடிச்சது. விளிம்புல ஒரு கீறல் இருக்கு, அந்தக் கீறல் இல்லாத பக்கமாப் பாத்துக் குடிக்கணும். எட்வின் அண்ணன் போனு அத ஒரு பொம்பள மெசின் குரல்ல படிக்குமாம், டீ கிலாசு, பாதி, குடிச்சது, முற்றுப்புள்ளின்னு. அதயும் இவ பேசிப் பேசிப் பழகிக்கிட்டா. அண்ணன் சொன்னாரு, தங்கச்சி, இப்பதான் டீ குடிச்ச மாதிரி இருக்கு. அன்னிக்குப் பிடிச்சது கோட்டி, பைத்தியந்தான். தெனம் ஒரு படம். மேல பாக்குறவங்களுக்கு ஒரு வேடிக்க, ஒரு கேலி. அடியில விளக்கத்துல, பாக்குறவங்களுக்கு அது தெரியாது, அண்ணன் போனு மட்டுந்தான் படிக்கும்னு நெனச்சுக்கிட்டு, மெல்ல மெல்ல வேற என்னமோ எழுத ஆரம்பிச்சா. தன்னக் கண்ணால பாக்க முடியாத ஒரு மனுசன்கிட்டத்தான் அவளால பேச முடிஞ்சுது. பாத்துக்கிட்டு இருக்கவங்க முன்னால வாயத் தொறந்தா பால்க்காரன்தான் வாரான், அவ வரமாட்டேங்கா. குரலு அங்கதான் மொதல்ல வந்துச்சு. சின்னதா, ஒல்லியா, இதுவா நம்மன்னு அவளே திரும்பித் திரும்பிப் படிச்சுப் பாத்தா.

அத எட்வின் அண்ணன் மட்டுந்தான் கேக்குறாருன்னு நெனச்சது தப்பு. எம்புட்டுத் தப்புன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது, கொஞ்சம் முந்தி, சோறு திங்கும்போது. வெங்காய மூட்டையப் படம் எடுத்துப் போட்டா, அடியில விளக்கம் எழுதுனா. நீலவேணி அக்கா பதில் போட்டா, உன் விளக்கத்தப் படிச்சே எனக்குக் கண்ணு எரியுதுடி. அக்கா, உங்களுக்குக் கண்ணு தெரியும்லா, நீங்க எப்படிப் படிச்சீங்க? அடிப்பாவி, படத்து மூலையில குட்டியா ஒண்ணு இருக்குல்ல, அத அமுக்குனா எல்லாருக்கும் தெரியுமே, நாங்கெல்லாம் மார்கழியில இருந்து படிச்சுக்கிட்டுத்தான இருக்கோம், உனக்குத் தெரியும்னுல நெனச்சோம். சோத்துத் தட்டத் தள்ளி வச்சா. எல்லாரும். மார்கழியில இருந்து. தெரு பூரா. குளிமுறியில பாட்டுப் பாடிட்டு வெளிய வந்தா மைக்கு போட்டிருந்த மாதிரி. சரி, படிச்சாங்க, ஒருத்தர்கூட கதவச் சாத்திட்டுப் போகலையே, ஒரு வார்த்த கேலி பேசலையே, தெனம் காலையில வந்து என்ன சந்தனம் சாப்ட்டியான்னு அப்படித்தான கேட்டாங்க, எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான கேட்டாங்க. அத நெனச்சு நெஞ்சு கொஞ்சம் எளகிச்சு. எளகுன அதே நிமிசம் தலையில விழுந்துச்சு பாருங்க இடி. எல்லாருக்கும் தெரியும்னா. பாக்குற எல்லாருக்கும் தெரியும்னா. மைனி.

மைனி ஒரே ஒரு தடவ ஒண்ணு கேட்டா, இந்த வீட்டுக்கு வந்த பொறவு சந்தனத்துக்கிட்ட அவ வாயத் தொறந்து கேட்ட ஒரே சங்கதி. அந்தக் கோலம் போட்டோ இருந்தா அனுப்பு. மார்கழியில ஒரு நாளு வாசல் நெறைய அவ போட்ட சிக்குக் கோலம், சந்தனம் கடைக்குக் கெளம்புற அவசரத்துல, அங்க ஓடி இங்க ஓடி, வெயிலு மறைக்கு நெழலு விழுதுன்னு சுத்தி வந்து எடுத்த படம். அன்னிக்குக் கடைக்குள்ள நொழஞ்சதும் ஓனர் கேட்டாரு, என்னம்மா, சுண்ணாம்ப மிதிச்சிட்டு வந்தியா, தரையெல்லாம் வெள்ளையா இருக்கு. துடப்பத்த எடுத்துக் கூட்டுனா, மறந்துட்டா. மைனி கேட்டப்போ படம் போனுல இல்ல, எடம் பத்தலன்னு அழிச்சாச்சு. கொடுக்காப்புளியில இருந்துச்சு. அந்தப் பதிவோட லிங்க எடுத்து மைனிக்கு அனுப்பிட்டா. ரெண்டு தட்டு தட்டுனா முடியுற வேல. விளக்கந்தான் யாருக்கும் தெரியாதே. மைனி ரெண்டு நீலக் கோடு விழப் பாத்தா, பதில் இல்ல, அவ என்னிக்குப் பதில் போட்டா. மறு நாளு கோலப்படம் மட்டும் அவ ஸ்டேட்டஸுல வந்துச்சு. படம் மட்டும். அப்ப லிங்கத் தொறந்திருக்கா. படத்தத் தொட்டிருக்கா. பெருசாக்கி எடுத்திருக்கா. பெருசாக்குனா கீழயே வந்து நிக்கும் எழுத்து. இல்ல, படிச்சிருக்க மாட்டா. கோலத்தத்தான பாத்திருப்பா. படிக்க மாட்டாளா? பக்கோடா கட்டிட்டு வந்த பேப்பர எண்ணெயோட விரிச்சு வச்சுப் படிக்கிறவ அவ. மளிகக் கடப் பொட்டலம், மாத்திர அட்டைக்குப் பின்னால இருக்குற பொடி எழுத்து, பஸ்ஸு டிக்கெட்டு, எத விட்டா? எழுத்துன்னு ஒண்ணு கண்ணுல பட்டா மைனி படிக்காம கீழ வைக்க மாட்டா.

என்ன எழுதியிருந்தோம். வார்த்த வார்த்தையா ஞாபகம் இருக்கு, அதான் கொடும. இது எங்க வீட்டு வாசல். கோலம் போட்டது எங்க மைனி. வெள்ளக் கோடு புள்ளியச் சுத்திச் சுத்திப் போவுது, எங்க ஆரம்பிச்சா எங்க முடிச்சான்னு கண்டுபிடிக்க முடியாது. இடது ஓரத்துல ஒரு புள்ளிய மைனி விட்டுட்டா. எங்க மைனி யார்கிட்டயும் பேச மாட்டா. நானும் அப்படித்தான் அண்ணே, நான் பேசுறதெல்லாம் அடுத்தவங்க பேச்சு. எனக்குப் பொம்பளப்பிள்ளையத்தான் பிடிக்கும். ரோஸ்லின்னு ஒருத்திய எனக்கு அம்புட்டுப் பிடிச்சுது. இப்பவும் பிடிக்கும். இத நான் வாயால ஒரு நாளும் சொன்னதில்ல. இவ்வளவும் ஒரு கோலத்துக்குக் கீழ. அத எடுத்து மைனிக்கு. தன் கையால. தூக்குப்போணியில வச்சு மூடி அனுப்புன மாதிரி. டொக்கு, அண்டாவுல வெங்காயம். மைனி படிச்சிருந்தா புருசன்கிட்டச் சொல்லியிருப்பா. அண்ணன் நேத்து சாப்பிடும்போது சந்தனத்தப் பாக்காம சாப்பிட்டான். அவன் என்னிக்குப் பாத்தான், அவன் போனப் பாத்துத்தான் திம்பான். முந்தாநாளு மைனி குடுத்த டீயில சீனி கொறச்சலு. கோவமா இருக்குமோ. சீனி தீந்திருக்கும். போன வாரம் சந்தனத்தோட துணிய மட்டும் தனியா மடிச்சு வச்சிருந்தா. தொடப் பிடிக்கலையோ, இல்ல பதனமா வச்சாளோ. ஒரே துணி, ஒரே மடிப்பு, நெனப்பு இந்தப் பக்கம் ஒரு தடவ சுத்துது அந்தப் பக்கம் ஒரு தடவ சுத்துது, எங்க ஆரம்பிச்சுது எங்க முடியுதுன்னு தெரியல. கை அதுபாட்டுக்கு உரிக்கு. தோலு பறந்து ஃபேன் காத்துல அம்மா தலையில போயி ஒட்டுது. காதுகுத்து முடியட்டும், அடுத்து இவளுக்குத்தான் பந்தல்னு பெரியத்தை என்னமோ சொல்லுதா. நாளைக்குச் சொந்தக்காரனெல்லாம் வருவான். ஒருத்தர் காதுல விழுந்தா போதும், மைனி வேணும்னு சொல்ல வேண்டாம், வாய் தவறி விழுந்தாப் போதும், அம்மா பாயில குப்புற விழுவா, ஆனா சிரிக்க மாட்டா. அழிச்சிரணும். ஆதாரமே இல்லாமப் பண்ணிரணும். மைனி சொன்னாக்கூட, எங்க காட்டு பாப்போம்னு சொல்லிரலாம், பெரியத்தை குரல்லயே சொல்லிரலாம்.

அழிச்சா முயல்குட்டி மாதிரி ஆயிரும். அதுதான் தடுக்குது. முயல்குட்டின்னு பேரு வச்சிருந்துச்சு ஒரு பிள்ள, எந்த ஊருன்னு தெரியாது, ஆணா பொண்ணான்னு அது சொன்னதில்ல, யாரும் கேட்டதும் இல்ல. சரி, போயிட்டு வாரேன்னு ஒரு நாளு போட்டுச்சு. பொறவு இல்ல. வீட்டுல போனப் பிடுங்கிட்டாங்களா, கல்யாணம் பண்ணி வச்சிட்டாங்களா, வேற எதுவுமா. வேற எதுவுங்கிறத கொடுக்காப்புளியில யாரும் எழுத மாட்டாங்க. ஞாயித்துக்கெழம ஆனா யாராவது ஒருத்தர் போடுவாங்க, முயல்குட்டி, கதவு தொறந்துதான் இருக்கு. அதுக்குப் பதில் வராது. பதில் வராதுன்னு தெரிஞ்சும் அடுத்த ஞாயித்துக்கெழம போடுவாங்க. மழையில ஒருக்க விழுப்புரத்துல கரண்டு போயி கொடுக்காப்புளியே இல்லாமப் போச்சு. சந்தனம் கடையில உக்காந்து திரும்பத் திரும்பத் தட்டுறா, வெள்ளப் பக்கம். வெள்ளப் பக்கம். ஒரு பழைய கம்ப்யூட்டருக்குள்ள இருக்குற வீடு, ஒரு ஒயரு அவுந்தா இல்ல. அன்னிக்குத்தான் அவளுக்கு ஒண்ணு விளங்குச்சு, அவளுக்கு உலகத்துல இருக்குற எடமே அந்த ஒயருதான்னு. அந்தத் தெருவுல அடுத்த வீட்டுப் பக்கத்தத் தொறந்து பாத்தா, அங்க எழுதியிருந்தாங்க, அக்கா சொகமா இருக்கா, கரண்டு வந்ததும் வந்துருவா. வந்தா. எட்வின் அண்ணன் கேட்ட மொதக் கேள்வி, சந்தனம் எங்க? இனி கேட்டா என்ன ஆகும். அண்ணன் போனு அந்த மெசின் குரல்ல, இந்தக் கணக்கு இல்லைன்னு படிக்கும். முற்றுப்புள்ளி. ஞாயித்துக்கெழம ரெண்டு பேரச் சேத்துக் கூப்பிடுவாங்க. முயல்குட்டி, சந்தனம், கதவு தொறந்துதான் இருக்கு. சாக்குல கைய விட்டா அடித்தரை தட்டுது. தோலுதான் கெடக்கு. ஒரு பிடி வெங்காயந்தான் பாக்கி. தீராம இருந்தாத் தேவலன்னு இப்பத் தோணுது, கோட்டிச்சிக்கு.

ஏட்டி, முடியப் போவுது, கடைசியா ஒண்ணு பேசிக் காட்டு. யாரு மாதிரி அத்தை? பெரியத்தை கண்ணச் சுத்த விட்டா, எல்லாரையும் பாத்தா, அவ பார்வ போயி ஃப்ரிட்ஜுகிட்ட நின்னுச்சு. எங்க, உங்க மைனி மாதிரி பேசு பாப்போம்! அம்மா பெரியத்தையப் பாத்து, ஏ சும்மா இரியேன்னா, ஆனா அவ வாயிலயும் சிரிப்பு. பக்கத்து வீட்டு அக்காமாரு கையத் தட்டுறாவ. ஆமாட்டி, பேச்சியம்மா மாதிரி, பேச்சியம்மா மாதிரி. சந்தனம் திரும்பி உக்காந்தா. மைனி கையில ஒரு வெங்காயம், கத்தி, தலை கவுந்துதான் இருக்கு. யாரு குரலு வேணும்னாலும் வரும் அவளுக்கு, தொண்டைய அந்தப் பக்கம் திருப்புனா வந்திரும். வாயத் தொறந்தா. ஒண்ணும் வரல. மூடுனா. மறுபடி தொறந்தா. ரோஸ்லின் முன்னால நின்ன அதே நிப்பு, உள்ள வறண்டு போயி, காத்து மட்டும் போயிட்டு வருது. அதத்தான் அவ மைனி மாதிரி செஞ்சு காட்டுறான்னு நெனச்சு எல்லாரும் சிரிச்சாங்க பாருங்க, அம்மா குப்புற விழுந்தா, அண்டா உருண்டுருமோன்னு ஒரு அக்கா பிடிச்சுக்கிட்டா. அப்படியே வச்சிட்டா, அச்சு அசலு மைனி, அப்படிங்கா பெரியத்தை, கண்ணுல தண்ணியத் தொடச்சுக்கிட்டு. இந்தப் பேச்சியம்மா என்னிக்கு வாயத் தொறந்திருக்கா, இவ பேசிக் காட்டுறதுக்கு!

மைனி அந்த வெங்காயத்த உரிச்சு முடிச்சா. அண்டாவுல போட்டா. முந்தானையில ரெண்டு கையயும் தொடச்சா, வெரலு வெரலா. எந்திரிச்சா. ஃப்ரிட்ஜு மேல இருந்து போன எடுத்து, சார்ஜரப் பிடுங்கி, பாயச் சுத்தி வந்து சந்தனம் மடியில வச்சா. சிரிப்பு ஒவ்வொருத்தர்கிட்டயா நின்னுச்சு. மைனி கண்ணு செவந்து கெடந்துச்சு. அவளும் உரிச்சவதான, வெங்காயமா இருக்கும், நமக்கென்ன தெரியும்.

"நான் ஒரு புள்ளியும் விடல," அப்படின்னா மைனி. "படம் எடுக்குறேன்னு நீதான் அது மேல கால வச்ச. அத மட்டும் திருத்து. மத்ததெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க."